தண்ணீர் ஊற்றச் சொல்லும் கம்ப்யூட்டர்

பிடோக், சிங்கப்பூர்,
ஆகஸ்ட் 1986

அன்பு மகள் ஜோனுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் இரக்கத்தில் நானும் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி ஏதோ நடமாடுகிறோம், மெல்பர்னில் குளிர் குறைந்ததா, உன் நெஞ்சுச் சளி விட்டதா, அதை முதலில் எழுது. வாசல் தொட்டிச் செடிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். மிளகாய் காய்க்கிறது, பண்டான் புதராகிவிட்டது, அரிசி கழுவிய தண்ணீரும் தேயிலைச் சக்கையும்தான் உரம், கடையில் ஒன்றும் வாங்குவதில்லை. மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியதற்கு மட்டும் பக்கத்து வீட்டு ஆமினா பீவி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, நாத்தம் தாங்கலை லா அண்ணே என்றார். கறிவேப்பிலை பறிக்க வரும்போது மட்டும் அந்த மூக்கு எங்கே போகிறதோ தெரியவில்லை.

அந்தக் கறிவேப்பிலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். உன் தம்பி எட்மண்ட் வைத்தது, இலை மஞ்சளாகி உதிர்ந்து, தொட்டியில் கை வைத்தால் சேறாக இருந்தது. மோட்டார் சைக்கிள் விபத்துக்கு முன்னால் அம்மாவுக்கு விளையாட்டுக் காட்ட அவன் கம்ப்யூட்டரில் ஒன்று எழுதி வைத்தானே, நினைவிருக்கும். டிஸ்கைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் டிவியில், அம்மா கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்திட்டியா என்று ஆங்கில எழுத்தில் நம் பேச்சு வரும், ஆமாம் என்று Y தட்டினால் என் செல்ல அம்மா என்று வரும். அவனைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து, நினைப்பு வரும்போதெல்லாம் இவள் போய் சுவிட்சைத் தட்டுகிறாள். இப்போதுதான் ஊற்றினாள் என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும், அது ஒவ்வொரு தடவையும் கேட்கிறது, இவளும் ஒவ்வொரு தடவையும் வாளியைத் தூக்குகிறாள். ஊற்றாமலே Y தட்டேன் என்றால், புள்ளை கேக்குறான், பொய் சொல்லச் சொல்றீங்களா என்கிறாள். அந்தச் செடியும் இவள் கையாலேயே போய்விட்டால் இவளை யார் தேற்றுவது என்ற பயம் எனக்கு.

போன வாரம் அவள் வாளியை எடுப்பதற்குள் நான் எட்டி N தட்டிவிட்டேன். ஐயோ என்று என் கையைப் பிடித்தாள். டிவியில், பரவால்லம்மா, நாளைக்கு ஊத்திக்கலாம், நீ போய் உக்காரு என்று வந்தது. ஜோன், அதை நாங்கள் இரண்டு பேரும் அதுவரை பார்த்ததே இல்லை. அவனுக்கு இல்லை என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லையே. கதவைத் திறந்து உள்ளே வந்து அவனே சொன்ன மாதிரி இருந்தது. அவன் சொன்னபடியே போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்து ஓவென்று அழுதாள், அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

தண்ணீர் குறைந்ததில் செடியில் இப்போது துளிர் விட்டிருக்கிறது. ஆனால் அம்மா அந்தப் பெட்டியை விட்டு எழுவதில்லை, இன்னும் ஏதாவது சொல்லியிருப்பான் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்க்கிறாள், உன் பெயரைத் தட்டினாள், என் பெயரைத் தட்டினாள், சாப்பிட்டியாடா என்று தட்டினாள், அது திரும்பத் திரும்பத் தண்ணீரைத்தான் கேட்கிறது. டிஸ்கில் பூஞ்சை படிகிறதே என்று ஜாலான் புசாரில் ரிப்பேர் பார்க்கும் நூர்தீனிடம் போனேன். மைலோ டின்னில், ஈரம் இழுக்க ஒரு அரிசி முடிச்சோடு போட்டு இறுக மூடி வைக்கச் சொன்னார், உன் டிஸ்குகளையும் அப்படி வை. பேச்சுவாக்கில், லிஸ்ட்னு அடிங்க அண்ணே, உள்ள எழுதுனது பூராவும் வந்துரும் என்றார். கம்ப்யூட்டரே படிக்கிற உனக்கு அது தெரியாமல் இருக்காது. வீட்டுக்கு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தேன், விரல் போகவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஆண்டவர் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், ஞாயிறு பூசையை விடாதே, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. போனில் அம்மா உன்னிடம் கேட்பாள், அவன் வேறு ஏதாவது எழுதியிருப்பானா, பார்க்க வழியுண்டா என்று. தெரியாது என்று சொல்லிவிடு. தட்டிப் பார்க்க இன்னும் ஏதோ மீதி இருக்கிறது என்றுதான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள்.

உன் அப்பா,
சவரிராஜ்