களிசான் வருது

ஜூன் 1, ஞாயிறு

நாளையிலிருந்து ஏழாம் நம்பர் மலைக்கு நான்தான் கணக்கப்பிள்ளை, கொழுந்து எடுக்கிறவர்களை மேற்பார்க்கிற வேலை. மூன்று மாதம் பார்ப்பார்களாம். சரிப்பட்டால் நிரந்தரம். இல்லையென்றால் ஆபீசில் ஒரு மூலை மேசை. தேயிலையின் பச்சை நிறத்தைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் இந்த வேலைக்கு ஒரு பெண் வந்ததே இல்லை. அதனால் என்ன உடுத்துவது என்று பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. ஆண்களுக்குக் கவலையே கிடையாது. கட்டைக் களிசான் என்கிற அரைக் கால்சட்டை, முழங்கால் வரை மேசு, காலில் சப்பாத்து. வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே முடிவான விஷயம்.

எனக்காக அம்மா முடிவு செய்துவிட்டாள். தலவாக்கலையில் எடுத்த நீலச் சாரி. "ஸ்டாஃப்புன்னா சாரிதான். மிட்வைஃப் கட்டல? பிள்ளைமடுவத்து அம்மா கட்டல?" பிரசவம் பார்ப்பவளும் பிள்ளை பார்ப்பவளும் மலை ஏறுவதில்லையே என்றேன். காது கேட்காதவள் போல இஸ்திரி போட்டாள்.

ஜூன் 2, திங்கள்

காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் வரிசையில் அம்மாவும் நின்றாள். பெருமையில் முகம் பூரித்துப் போயிருந்தது. அந்த முகத்துக்காக இன்னும் பத்து சாரி கட்டலாம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு எட்டு மணி வரை நின்றது. பிறகு மழை. மலைச்சரிவில் ஒரு கையால் கொசுவத்தைப் பிடிப்பதா, தேயிலை மரத்தைப் பிடிப்பதா? எதையும் பிடிக்காமல் உட்கார்ந்தபடி சறுக்கி ஒரு பாத்தி தூரம் வந்தேன். சிரிக்காதவள் அம்மா மட்டும்தான். தொடையில் இரண்டு அட்டை. அதை அங்கே யாருக்குக் காட்டுவது, எப்படி எடுப்பது? வீட்டுக்கு வரும் வரை அவை குடித்துக்கொண்டிருந்தன.

ஜூன் 3, செவ்வாய்

சாரி கிழிந்தது. அம்மா ஊசி நூல் எடுத்தாள்.

ஜூன் 5, வியாழன்

கண்டாக்கையாவிடம் கேட்டேன். கணேசமூர்த்தி ஐயாவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம், எங்கள் எல்லாருக்கும் மேலே இருக்கிற வெளி உத்தியோகத்தர். அவர் ஒப்பினால்தான் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை ஒப்புவார். களிசான் போட்டுக்கொள்ளட்டுமா என்றேன்.

"பொம்பளப் புள்ள களிசான் போட்டுக்கிட்டு பெரட்டுக்கு வாறதா? நல்லாருக்கும்."

நல்லாருக்கும் என்று சொன்னாரே. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன ராகத்தை மழையில் விட்டுவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

தலவாக்கலைக் கடை. பெண்களுக்கான களிசான் எல்லாம் காலோடு ஒட்டிக்கொள்கிற ரகம், ஒன்றில்கூட ஒழுங்கான பாக்கெட் இல்லை. சிலவற்றில் பாக்கெட் மாதிரி தைத்து வைத்திருக்கிறார்கள். விரல் போகாது. பெண்ணுக்குப் பாக்கெட்டில் போட என்ன இருக்கப்போகிறது என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

ஆண்கள் பக்கம் போனேன். காக்கி, தடித்த துணி, ஆறு பாக்கெட். முதலாளி அளவு நாடாவோடு வந்தார்.

"தம்பிக்கா?"

"எனக்கு."

நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டார். பரவாயில்லை, என் இடுப்பு எனக்குத் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காக்கிக் களிசான், சப்பாத்து. கால் நிலத்தைப் பிடித்தது. ஒரு அட்டையும் ஏறவில்லை. பெரட்டில் கண்டாக்கையா என்னைப் பார்க்காமலே பேசினார். இருக்கட்டும். மலையில் மிஸ்ட் இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. மேல் பாதையிலிருந்து இறங்கினேன்.

கீழே யாரோ கிசுகிசுத்தது கேட்டது. "களிசான் வருது."

உடனே சரசரவென்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான். கொழுந்து எடுக்கும்போது எல்லாரும் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருப்பார்கள், அப்போதுதான் காலை எட்டி வைக்க முடியும். ஆண் கணக்கப்பிள்ளை தூரத்தில் தெரிந்தால் இறக்கிவிடுவார்கள். அதுதான் வழக்கம். சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு எனக்காக இறக்கினார்கள். அம்மாவும். குனிந்து, அவசர அவசரமாக, ஈரச் சேலையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள் — பார்த்தால் நான்.

அழகம்மா அக்காதான் வாயைத் திறந்தாள். அந்த மலையில் அவள் வாய்க்குத் துரையே பயப்படுவார். "அட கணக்கப்புள்ள, நீயா? ஆம்பளன்னு நெனச்சி இறக்கித் தொலைச்சோம். இப்ப பாரு, தொப்பலா நனைஞ்சிருச்சி. இதக் கட்டிக்கிட்டு எப்புடி நடக்குறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சேலையைத் திரும்ப ஏற்றவும் இல்லை, மாலை வரை அந்த ஈரத்தோடே நின்றாள். என் அம்மா என்னைக் கண்டு கால மறைச்சா. நான் என்னத்துக்குக் களிசான் போட்டேன்? நான் நனையாம இருக்கவா, அவ நனையவா?

ஜூன் 10, செவ்வாய்

நாளைக்குச் சாரி கட்டிவிடலாமா? கட்ட மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வழி கிடைத்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேல் பாதையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: "நான் நிலக்ஷி வாறேன்!"

கீழேயிருந்து அழகம்மா அக்கா, "வா வா, ஒன்ன யாரு கேட்டா?" என்றாள். சரசரப்புச் சத்தம் இல்லை. எல்லாக் காலும் அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது யோசித்தேன். இத்தனை வருஷமாக இந்த மலையில் ஏறி இறங்கிய ஆண்களில் ஒருவருக்குக்கூட ஒரு குரல் கொடுக்கத் தோன்றவில்லையா? வாய் இல்லையா அவர்களுக்கு? பெரட்டில் ஏசுவதற்கு மட்டும் இருக்கிறதே.

ஜூன் 17, செவ்வாய்

தேயிலைக் குச்சி களிசானையும் விடவில்லை. தொடையில் இரண்டு கிழிசல், உள்ளே கீறல். இதற்காகத்தானே படங்கு இருக்கிறது. கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அந்த முரட்டுத் துணி இருந்தால் குச்சியும் குத்தாது, ஈரமும் ஏறாது. இந்த மலைக்கென்றே உண்டான உடுப்பு அது ஒன்றுதான். ஸ்டாஃப் யாரும் கட்டுவதில்லை, மதிப்புக் குறைவாம்.

அம்மாவின் பழைய படங்கைக் கேட்டேன். முதல்முறையாக அம்மா என்னிடம் சத்தம் போட்டாள்.

"அத நீ தொடக்கூடாதுன்னுதான் ஒன்னப் படிக்க வச்சேன். தெரியுமா ஒனக்கு?"

தெரியும் அம்மா. ஆனால் குத்துகிற குச்சிக்கு நான் படித்தது தெரியவில்லையே.

ஜூன் 18, புதன்

அம்மா பெரட்டுக்குப் போன பிறகு ஆணியில் தொங்கிய பழைய படங்கை எடுத்தேன். களிசானுக்கு மேல் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்க் குரல் கொடுத்தேன். இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் அது அவிழ்ந்து காலில் விழுந்தது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். நேரே வந்தாள். அறைவாள் என்றே நினைத்தேன். படங்கை எடுத்து உதறி, என் இடுப்பில் சுற்றி, மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"கட்டுறதுன்னா ஒழுங்காக் கட்டு. அவுத்துப் போட்டுக்கிட்டு வந்து என் மானத்த வாங்காத."

அவ்வளவுதான். போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கியது. மழை நல்ல நேரத்தில் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

கண்டாக்கையா ஸ்டோர் வாசலில் நிறுத்தினார். "கீழ பாத்தா ஆம்பள உடுப்பு. அதுக்கு மேல பாத்தா கூலி ஆள் உடுப்பு. இதுல நீ எது?"

"ரெண்டுலயும் நான் நனையாம இருக்கேன்ங்கய்யா."

வாய் கொஞ்சம் நீளம்தான். அழகம்மா அக்காவிடமிருந்து தொற்றியிருக்கும். அவர் தலையை ஆட்டினார். "பெரிய தொரைய ஒரு நாளைக்கி மலைக்கிக் கூட்டிக்கிட்டு வாறேன். இந்தக் கோலத்த அவரே பாக்கட்டும். அப்புறம் மேசைதான்."

ஜூன் 22, ஞாயிறு

சப்பாத்தைக் கழுவினேன். நீலச் சாரியையும் எடுத்துப் பார்த்தேன். அம்மா தைத்த இடம் தெரியவே இல்லை. எனக்குச் சாரி பிடிக்கும். கோயிலுக்குக் கட்டுவேன், கல்யாணத்துக்குக் கட்டுவேன். எங்கே கட்டுவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல்.

நான் வரிசையின் அடியில் கொழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மிஸ்ட். மேல் பாதையில் இரண்டு உருவம், இரண்டும் களிசான். யாரோ பழைய பழக்கத்தில் "களிசான் வருது" என்றாள். "நம்ம கணக்கப்புள்ளயாத்தான் இருக்கும்" என்றாள் அழகம்மா அக்கா, தலையைத் தூக்காமல். ஒருவரும் இறக்கவில்லை.

அருகே வந்த பிறகுதான் தெரிந்தது. பெரிய துரையும் கண்டாக்கையாவும். துரை சட்டென்று முகத்தைத் திருப்பி எதிர்மலையைப் பார்த்தார். எதிர்மலை தெரியவே இல்லை, வெறும் வெள்ளை. கண்டாக்கையாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தொரை வாறது கண்ணுக்குத் தெரியலயா? சேலய இறக்குங்க!"

சிலர் கை இடுப்புக்குப் போனது. அம்மா அவருக்கு நேர் கீழே நின்றாள். அவள் இறக்குவாள், எனக்குத் தெரியும், இருபது வருஷப் பழக்கம். அவள் கையைப் பார்த்தேன். அது கொழுந்தில்தான் இருந்தது.

"இறக்குனா நனையுமுங்கய்யா," என்றாள். "நனைஞ்சா நடக்க ஏலாது."

அம்மாவா அது? அம்மாதான். இடுப்புக்குப் போன கைகள் மறுபடி கொழுந்துக்கு வந்தன. துரை எதிர்மலையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார். சிங்களம் கலந்த தமிழ், ஆனால் கோபம் இல்லை. "மிஸ், நீங்க வரும்போது இவங்க என்ன செய்றது?"

"நான் குரல் குடுத்துட்டுத்தான் வருவேன் சேர். நீங்களும் குடுத்திருந்தா இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

என் களிசானைப் பற்றியோ படங்கைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த வழியே ஏறிப் போனார். பாதி வழியில் வழுக்கி ஒரு தேயிலை மரத்தைப் பிடித்துக்கொண்டார். கண்டாக்கையா பின்னால் போனார்.

ஜூன் 27, வெள்ளி

பெரட்டில் புது உத்தரவு: பெண்கள் வேலை செய்கிற மலைக்கு யார் போனாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும். வாசித்தவர் கண்டாக்கையா. வாசிப்பதற்குள் நாலு தடவை இருமினார்.

ஜூலை 4, வெள்ளி

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் நடக்கிற நாளில் சாரி, மலையில் வேலைக்கு ஏற்ற உடுப்பு என்று முடிவாகிவிட்டது. ஏழாம் நம்பர் எனக்கே. மூன்று மாதம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்றார் துரை.

அம்மாவிடம் சொல்ல மலைக்கு ஓடினேன். மிஸ்ட் அடர்த்தியாக இருந்தது. நான் குரல் கொடுப்பதற்குள் மேல் பாதையிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. கூச்சத்தோடு, யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்த மாதிரி.

"நான்... கண்டாக்கு வாறேன்."

சரசரப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அம்மாவின் குரல்.

"வாங்கய்யா. நாங்க இப்புடித்தான் இருக்கோம்."