வசனப் புத்தகத்தின் சிவப்புக் கோடுகள்

ஜனவரி 19

"ராதாபுரத்துல நேத்து எப்படி போச்சு எப்சி? ஜாபேஸ் அண்ணாச்சி தடுமாறலையே?" நேற்று நாடகத்துக்கு வர முடியாத பாகீரதி அக்கா கேட்டாள்.

"நல்லா போச்சுக்கா."

ஏழு இடத்தில் பக்கத்திரையிலிருந்து அவருக்கு வசனம் எடுத்துக் கொடுத்ததை நான் சொல்லவில்லை. புத்தகத்தில் கோடும் போடவில்லை.

எங்கள் நாடகக் குழுவின் நாற்பது வருட வழக்கம் அது. எடுத்துக் கொடுத்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஒரே நாடகத்தில் மூன்று கோடு விழுந்தால் வேஷம் கைமாறும். குழுவை நடத்துகிற அக்கா இதில் யாருக்கும் இளகமாட்டாள். அண்ணாச்சியின் ராஜா வேஷத்துக்கு ஹரீஷ் தயாராக இருக்கிறான்.

வசனம் நிற்கும்போது அண்ணாச்சியின் கண் என் பக்கம் திரும்புமே— அதைப் பார்த்தபின் எப்படிக் கோடு போடுவது?

ஜனவரி 22

ஆண்டு மலருக்குக் குழுவின் வரலாற்றை நான்தான் எழுதுகிறேன். பழைய வசனப் புத்தகங்களைப் பார்த்தேன். 1998, வள்ளியூர். ராஜா வேஷம் தானியேல். மூன்று கோடு. கீழே கையெழுத்து: ஜாபேஸ். அன்று பக்கத்திரையில் இருந்தவர் அவர்! அடுத்த நாடகத்திலிருந்து ராஜாவும் அவரே.

மூன்றாவது கோட்டில் தாள் கிழிந்திருக்கிறது.

ஜனவரி 23

நான் வாசித்த கதைகளிலெல்லாம் மௌனம் பெருந்தன்மையாக இருந்தது. என்னுடையது வெறும் பொய்யோ?

ஜனவரி 26

ஒத்திகை. டீ கொண்டுபோனேன். அண்ணாச்சி புத்தகத்தை வாங்கி, ராதாபுரத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

"பென்சிலத் தொலைச்சிட்டியாட்டி?"

டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஏழு தடவ உன் குரல் கேட்டுச்சு. வசனந்தான் மறக்குது, காது நல்லாத்தான் இருக்கு." சிரித்தார். பிறகு, "தானியேலுக்கு நான் போட்டேன். நியாயந்தான். ஆனா அதுக்கப்பறம் அவன் நாடகம் பாக்கக்கூட வரல, பிள்ள."

பென்சிலை என் கையில் வைத்தார்.

"போடு. பைய போடு, தாளு கிழிஞ்சிராம."

போட்டேன். ஏழும்.

ஜனவரி 27

அக்கா எண்ணிப் பார்த்தாள். "எங்கிட்டயே மறைச்சிட்டியே, கள்ளி" என்றாள். வேறு திட்டவில்லை. முகம் கழுவப் போனவள் திரும்ப வர வெகுநேரம் ஆயிற்று.

அண்ணாச்சியே கிரீடத்தை ஹரீஷ் தலையில் வைத்துப் பார்த்தார். "ஏலே, உனக்கு மண்டை சின்னதுல்லா! உள்ள துணி வச்சுத் தைக்கணும்." எல்லாரும் சிரித்தோம். நாளையிலிருந்து அவர் வருவாரா?

பிப்ரவரி 8

வள்ளியூர். ஹரீஷுக்கு இரண்டு இடத்தில் வசனம் நின்றது. பக்கத்திரையில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது அவர். கோடு போட்டது நான்.