நாரை மாளிகையின் ஒழுகும் நீர் குறித்து ஆவூர்கிழான் எயினன் விடுத்த ஐந்தாம் ஓலை

நலம் பெருகுக. நெல் முற்றுக. களம் நிறைக.

செறுவூர் நாட்டின் காவலரும், நாரைக் கொடி ஏந்தியவரும், முந்நூறு ஏரிகளுக்கு உரியவரும், வற்றாப் புனலின் தலைவர் என்று அவைப்புலவர்களால் நாள்தோறும் வாழ்த்தப்பெறுபவருமாகிய அரசர் மகிழ்வேள் அவர்களின் திருமுன்னர், அவர்தம் தூதனும் அவர் அன்னையின் உடன்பிறந்தானுமாகிய ஆவூர்கிழான் எயினன், அருவிக்கோட்டு நாட்டின் தலைநகரான மடையூரிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை. அரசரும் அரசியாரும் என் தமக்கையாரும் நலமுடன் இருப்பீர்களாக. கோட்டையும் கொட்டிலும் கோயில்களும் குறைவின்றி விளங்குக. நான் நலமாக இல்லை. நான்கு ஓலைகள் எழுதியும் உருப்படியான மறுமொழி ஒன்றும் வராத ஒருவன் எப்படி நலமாக இருப்பான்?

நான் இங்கு அனுப்பப்பட்ட காரணம் திருவுள்ளத்தில் இன்னும் இருக்கும் என்று நம்பி, இருந்தாலும் ஒருமுறை நினைவூட்டுகிறேன். இவ்வாண்டு மழை பொய்த்தது. நம் வயல்களில் சம்பா நெல் பால் பிடித்து நிற்கிறது. இந்நேரத்தில் இருபது நாள் தண்ணீர் கிடைத்தால் அது நெல். கிடைக்காவிட்டால் வெறும் பதர். நம் ஆற்றின் மேலணையோ மடையூரில் இருக்கிறது. அதன் மதகைத் திறப்பதும் அடைப்பதும் இந்நாட்டு நீர்ச்சபையின் கையில் இருக்கிறது. அந்த மதகை இருபது நாள் திறக்கச் செய்வதே என் பணி. அதற்காக நான் கைகட்டி நிற்கவும் தயங்கவில்லை, கால்கடுக்கக் காத்திருக்கவும் தயங்கவில்லை.

இந்நாட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. நீர் கேட்டு வருபவர் எவராயினும், இந்நகரில் அவருக்கு வீடு இருக்குமானால், அதன் முற்றத்தைச் சூரியன் எழுந்தது முதல் உச்சி வரை சபையாருக்குத் திறந்து காட்ட வேண்டும். தன் வீட்டு நீரைப் பேணத் தெரிந்தவர்க்கே ஆற்று நீரைத் தருவது என்பது அவர்கள் வைத்திருக்கும் முறை. நமக்குத்தான் இங்கே வீடு இருக்கிறதே! தங்கள் முப்பாட்டனாருக்குத் திருமணச் சீராக வந்த நாரை மாளிகை. அதில் பதினாறு குடும்பங்கள் குடிக்கூலிக்கு இருக்கின்றன. அந்த வீட்டை நம் அரண்மனையிலிருந்து எவரும் முப்பது ஆண்டுகளாக எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதை நான் வந்த அன்றே தெரிந்துகொண்டேன்.

மாளிகையின் முற்றத்தில் ஒரு கல்தொட்டி உண்டு. ஊற்றுநீர் வாய்க்கால் வழியாக வந்து அதில் நிறைகிறது; தொட்டி நிறைந்துவிட்டால் நீர் மேலே வராமல் வாய்க்காலிலேயே தேங்கி நின்றுவிடும். தொட்டியின் வெளிச்சுவரில் நம் கொடிச்சின்னமாகிய நாரை செதுக்கப்பட்டு, அதன் அலகு வழியாக நீர் விழுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அலகை மூடத் திறக்க ஒரு செப்பு மூடி இருந்ததாம். அது தேய்ந்து விழுந்து எத்தனை காலம் ஆயிற்றோ, அறிந்தவர் இல்லை. அன்றுமுதல் நாரை வாயைத் திறந்தபடியே இருக்கிறது. குடம் வைப்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவும் பகலும் நீர் கொட்டி, முற்றத்தில் ஓடி, தெருச் சாக்கடையில் கலக்கிறது.

ஐப்பசியில் சபையார் வந்து பார்த்தார்கள். சபைத் தலைவர் பிட்டனார் வயதில் மூத்தவர், அதிர்ந்து பேசாதவர். உச்சிப்பொழுது வரை அந்த ஓடும் நீரின் பக்கத்திலேயே மணை போட்டு அமர்ந்திருந்தார். எழுந்து போகும்போது, செறுவூர் அரசர் நீர் கேட்பது வியப்பாக இருக்கிறதென்றும், கொட்டிக் கவிழ்க்க நீர் உள்ளவருக்கு ஆற்றுநீர் எதற்கென்றும் மெல்லக் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தை மாத வளர்பிறையில் மறுமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லித் தவணை கொடுத்தார். அதுவும் என் நரைத்த தலையைப் பார்த்துத்தான்.

அதன்பின் நான் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டுக்கு உடையவர் எல்லாரும் எதைச் செய்வார்களோ அதையே நானும் செய்தேன். குடியிருப்போர்மேல் பாய்ந்தேன். குடும்பத்திற்கு நாளொன்றுக்குப் பத்துக் குடம் என்று அளவு வைத்தேன். கொல்லைக் கிணற்றைப் பூட்டினேன். குளிக்கும் இடத்தில் காவலாளை நிறுத்தினேன். துணிக்குச் சாயம் தோய்க்கும் வெண்ணி என்பவள் பதினொரு ஆண்டுகளாக அங்கே குடியிருப்பவள். நீர் அதிகம் எடுப்பவள் அவள்தானே என்று, நடுமுற்றத்தில் எல்லாரும் பார்க்க அவளை ஏசினேன். அவள் போய், தன் சாயத்தாழி ஒன்றை உருட்டி வந்து நாரையின் அலகுக்குக் கீழே வைத்தாள். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அந்த அரிசி வேகுமுன் தாழி நிறைந்து வழிந்தது. அவள் சொன்னதை மெருகு போடாமல் எழுதுகிறேன்: “இந்தத் தாழி எனக்கு மூணு நாளைக்குக் காணும் ஐயா. உங்க நாரை ஒரு உலை கொதிக்கிறதுக்குள்ள குடிச்சிட்டுப் போவுது. பூட்டுப் போடறதா இருந்தா அது வாய்க்குப் போடுங்க.”

அடைப்பதற்கு என்ன தடை என்று கேட்டேன். வாயிலில் உள்ள கல்வெட்டைக் காட்டினாள். அதில் தங்கள் பாட்டனார் ஆணை இருக்கிறது. கொடிச்சின்னத்தைத் தொட்டுச் செப்பனிடும் உரிமை அரண்மனைக் கல்தச்சருக்கு மட்டுமே உண்டென்றும், குடியிருப்போர் எவரேனும் அதன்மேல் உளி வைத்தாலும் அதன் வாயில் துணி திணித்தாலும் அன்றே மாளிகையை விட்டு வெளியேற்றப்படுவர் என்றும் அந்த ஆணை சொல்லுகிறது. ஒழுகுவதை அறிவித்து அவர்கள் ஆண்டுதோறும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆட்கள் எவரும் நம் கோட்டை வாயிலைத் தாண்டவில்லையாம்.

அன்று மாலையே கிணற்றுப் பூட்டைத் திறந்துவிட்டு, கல்தச்சர் ஒருவரை அனுப்புமாறு முதல் ஓலை எழுதினேன். அங்கே அரண்மனையில் மாளிகைகளின் பொறுப்பாளராக இருக்கும் கீரந்தையார் விடை எழுதினார். நாரையின் அலகு எத்தனை விரல் நீளம், கழுத்து எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கேட்டிருந்தார். அளந்து எழுதினேன். இரண்டாம் ஓலைக்கு, கல்தச்சர் புறப்பட நல்ல நாள் பார்க்கப்படுகிறது என்று பதில் வந்தது. மூன்றாம் ஓலைக்கு, கொடிச்சின்னத்தின் வாயை அடைப்பது அரசின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகுமோ என்று அவையில் ஆராயப்படுவதாக எழுதினார். நான்காம் ஓலைக்குப் பட்டுறையில் வைத்து ஒரு பொதி வந்தது. ஆகா, செப்பு மூடி வந்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பிரித்தேன். ஓயாமல் நீர் சொரியும் நாரையின் கொடைத்திறம் பற்றி அவைப்புலவர் பாடிய முப்பது பாட்டு! தலையில் அடித்துக்கொண்டேன். பாட்டைத் துளையில் திணிக்கலாமென்றால் அதற்கும் ஆணை தடை.

இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. சின்னத்தைத் தொடாமல் செய்யக்கூடியவற்றையெல்லாம் குடியிருப்போரைக் கலந்துகொண்டே செய்தேன். தொட்டியின் விரிசல்களைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசினோம். குளியலறைத் தண்ணீரை ஓடு பதித்துக் கொல்லை வாழைக்குத் திருப்பினோம். அகன்ற வாய்ச் செம்புகளை எடுத்துவிட்டுக் கைக்கு அடக்கமான சிறு செம்புகளை வைத்தோம். வெண்ணி கடைசி அலசல் தண்ணீரை எடுத்துவைத்து மறுநாள் முதல் அலசலுக்கு ஊற்றினாள். முற்றத்தைக் கழுவுவதை நிறுத்திப் பெருக்கினார்கள். பதினாறு குடும்பமும் பாதித் தண்ணீரில் வாழக் கற்றுக்கொண்டது. அவர்கள் மிச்சம் பிடித்ததையெல்லாம் நாரை ஒரு பொழுதில் கொட்டித் தீர்த்தது.

நேற்று தவணை நாள். முன்தினமே நான் அந்த நாரையின் எதிரில் நெடுநேரம் நின்றேன். ஒரு கட்டையும் கல்லும் இருந்தால் போதும், வேலை முடிந்துவிடும். என் கை எழவில்லை. அரசரின் தூதன் அரசரின் ஆணையை மீறலாமா, நாளை அவையில் என்ன சொல்லுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போய்ப் படுத்துவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

விடிந்து வந்து பார்க்கிறேன், முற்றம் காய்ந்து கிடக்கிறது. வெண்ணி உலக்கையால் நாரையின் அலகைத் தட்டி உடைத்து, துளையில் துணி சுற்றிய வேப்பங்கட்டையை அறைந்து இறக்கியிருந்தாள். தொட்டி விளிம்பு வரை நிறைந்து நின்றது. யாரும் அவளை ஏவவில்லை, நானும் ஏவவில்லை. ஏவியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், சொன்னால் பொய்யாகும். அவள் தன் தாழிகளையும் பாய்களையும் தானே தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “உங்க ஊர்ல பயிர் காயுதுன்னு நீங்கதான தெனமும் பொலம்பினீங்க. நான் எங்கயாச்சும் போய்ப் பொழைச்சுக்குவேன். நெல்லு எங்க போகும்?” என்றாள்.

பிட்டனார் வந்தார். உச்சி வரை அமர்ந்தார். சாக்கடையில் ஒரு சொட்டு ஓடவில்லை. வாழைக்குப் போகும் நீரையும் சிறு செம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நன்று என்று தலையசைத்தார். பிறகு தெருவில் இருந்த தாழிகள் யாருடையவை என்று வினவினார். நடந்ததைச் சொன்னேன். அதைக் கேட்டபின் அவர் கூறியதன் சாரம் இது: இன்று ஒருத்தி தன் குடியிருப்பைப் பணயம் வைத்து அடைத்தாள், நாளை வேறோர் இடத்தில் ஒழுகினால் உடையவர் மீண்டும் முப்பது ஆண்டு எடுத்துக்கொள்வாரோ என்று சபை ஐயுறும். நீரைக் காத்தவளை வெளியேற்றிய அரசருக்கு மதகைத் திறந்தோம் என்ற பழியையும் சபை ஏற்காது. ஆகவே, குடியிருப்போர் நீர்ப்பழுதைக் கண்ட அன்றே எவரையும் கேளாமல் அடைக்கலாம் என்றும், அதற்கு வேண்டிய சுண்ணாம்பையும் தச்சரையும் மூன்று நாளில் தருவது உடையவர் கடன் என்றும், அதன்பொருட்டு எவரும் வெளியேற்றப்படமாட்டார் என்றும் அரச முத்திரையுடன் ஓலை வரவேண்டும். வரும் முழுநிலவு நாளில் சபை கூடும்போது அந்த ஓலை இருந்தால் அன்றே மதகு திறக்கும். இல்லையேல் இவ்வாண்டு நீர், நமக்கு அடுத்து நிற்கும் மேற்கு நாட்டாருக்குப் போகும்.

முழுநிலவுக்கு இன்னும் ஐந்து நாள். குதிரை வர இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். ஆக, தங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

இனி அரசரிடம் அன்று, என் மருமகனிடம் பேசுகிறேன். மகிழா, நீ கெட்டவன் இல்லை. உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எதையும் உன் காதில் போடுவதில்லை, நீயும் கேட்பதில்லை, அவ்வளவுதான். குடிக்கூலியை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் என்ன ஒழுகுகிறது என்று கேட்காதவன் வீட்டுக்கு உடையவனா? வேண்டிய ஓலையை நானே எழுதி இத்துடன் கட்டியிருக்கிறேன். கீரந்தையாரைக் கேட்காதே. நல்ல நாள் பார்க்காதே. புலவரை வாயைத் திறக்கவே விடாதே. நாரையின் அலகு உடைந்ததே என்று எவனாவது உன்முன் அழுதால், அவனைக் கைப்பிடித்து அழைத்துப்போய் வயலில் நிறுத்தி, ஒரு கதிரை நசுக்கிக் காட்டு. முத்திரையை வைத்து, குதிரையை அதே நாளில் திருப்பி அனுப்பு. தூதன் விண்ணப்பம் நான்கு முறை வந்துவிட்டது. இது தாய்மாமன் ஆணை.

தை மாத வளர்பிறைப் பத்தாம் நாள், மடையூர் நாரை மாளிகையில், ஆவூர்கிழான் எயினன் தன் கையால் எழுதித் தன் இலச்சினையை இட்டுக் கட்டிய ஓலை முற்றிற்று. கொண்டுவரும் குதிரைவீரன் வாயிலில் உட்காரமாட்டான். விடை பெறும்வரை நின்றுகொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெண்ணியை உள்ளே வரச் சொல்லி மூன்று முறை அழைத்துவிட்டேன். வீட்டுக்கு உடையவர் சொல்லட்டும் என்கிறாள். தொட்டி நிறைந்து நிற்கிறது. அவள் தெருவில்தான் இருக்கிறாள்.