எனக்கு அளித்த தேர்ச்சியை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
தேர்வு எண் 27,
கார் பழுதுபார்ப்பு இரண்டாண்டுப் படிப்பு முடித்தவர்,
தற்போது நான்கு சக்கர வாகனப் பணிமனையில் உதவி மெக்கானிக்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தொழிற்கல்வித் தேர்வுத் துறை.

பொருள்: செய்முறைத் தேர்வில் எனக்கு வழங்கப்பட்ட தேர்ச்சியை ரத்து செய்து, முறையாகத் தேர்வு வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மதிப்பெண் குறைந்துவிட்டது என்று தங்களுக்கு நாள்தோறும் மனுக்கள் வரும். கூடிவிட்டது என்பதே என் புகார். கார் பழுதுபார்ப்புச் செய்முறைத் தேர்வில் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியதாகச் சான்றிதழ் சொல்கிறது. அந்தத் தேர்வில் நான் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை.

2. எங்கள் வகுப்பில் முப்பது பேர். பெண்கள் ஆறு பேர். பயிற்சிக்கூடத்தின் தரையில் மஞ்சள் கோடு ஒன்று உண்டு. வண்டி தூக்கி நிற்கும்போது வேலை செய்பவர் தவிர மற்றவர்கள் அதைத் தாண்டக் கூடாது என்பது விதி. இரண்டு ஆண்டும் நாங்கள் ஆறு பேரும் அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் நின்றோம். பயிற்றுநரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் தாமே போய் மாத்திரை வாங்கி வருவார். ஆனால் நாங்கள் ஸ்பேனரைத் தொட்டால் போதும், "கையெல்லாம் கரியாயிடும்மா, நீங்க நோட்டுல எழுதிக்குங்க. நாளைக்கு நீங்களா வண்டிக்கு அடியில படுக்கப் போறீங்க?" என்பார். வருகைப் பதிவேடு எழுதியதும், இன்ஜின் படத்துக்கு வண்ணம் அடித்ததும், பார்வையிட வருவோரிடம் பாகங்களின் பெயரை ஒப்பித்ததும் நாங்கள்தான். கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டு அட்டையில் ஸ்பேனரோடு நிற்பது நான். படம் எடுத்து முடிந்ததும் ஸ்பேனரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

3. தேர்வு நாளன்று ஆண்கள் ஒவ்வொருவரும் ஒரு சக்கரத்தின் பிரேக்கைப் பிரித்துப் பூட்டிக் காட்டினார்கள். எங்கள் முறை வந்தபோது மாலையாகிவிட்டது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பிரேக் எத்தன வகைம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டார். சொன்னேன். பதிவேட்டில் 'பிரித்தார், பூட்டினார், ஓட்டிச் சோதித்தார். திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாங்களும் மறுப்புச் சொல்லவில்லை. வெளியே வந்து சிரித்துக்கொண்டோம் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

4. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் தற்போதைய பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். மூன்றாம் வாரம் ஓர் அம்மா தம் காரைக் கொண்டுவந்தார். தையற்கடை வைத்திருப்பவர். "பொம்பளப் புள்ள வேல பாக்குதுன்னு கேள்விப்பட்டுத்தாம்மா வந்தேன். மத்த எடத்துல என்ன கேட்டாலும் உங்களுக்குப் புரியாதும்பாங்க" என்றார்.

5. முன் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. புதுக் குழாய் மாட்டினேன். அதைப் பிடிக்கும் போல்ட்டில், குழாய் முனையின் இருபுறமும் செம்பு வாஷர் ஒவ்வொன்று இருக்கும். ஒருமுறை இறுக்கினால் நசுங்கிவிடும். குழாய் மாற்றும்போது அதையும் மாற்றியாக வேண்டும் என்பது இன்று எனக்குத் தெரியும். பழையதையே திரும்பப் போடலாமா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. பக்கத்து வண்டியில் இருந்த மெக்கானிக்கைக் கேட்டிருக்கலாம். தொண்ணூற்றொன்று வாங்கியவள் இதைப் போய்க் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். பழையதையே போட்டேன். பெடல் கெட்டியாகத்தான் நின்றது. வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

6. அந்தப் பழைய வாஷர் வழியே ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. மூன்றாம் நாள் ஓர் இறக்கத்தில் பெடல் தரையோடு போய்விட்டது. எதிரே பேருந்துக்காகச் சனங்கள் நின்றிருந்ததால், அந்த அம்மா வண்டியை ஒடித்துச் சுவரில் மோதினார். வேறு யாருக்கும் கீறல் இல்லை. அவருடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. முப்பது ஆண்டு கத்தரி பிடித்த கை. மறுபடி துணி வெட்ட முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர்.

7. மருத்துவமனைக்குப் போய் நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "நீ வேணும்னேவா செஞ்சிருக்கப் போற? ஆனா தெரியலன்னா தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

8. கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தேன். "பாஸ் ஆனத வேண்டாம்னு சொல்ல வந்த மொத ஆளு நீதாம்மா" என்று அனுப்பிவிட்டார். தங்கள் அலுவலக எழுத்தரோ, "ஃபெயிலானவங்க பாஸ் கேக்கத்தான் படிவம் இருக்கு. இதுக்கு இல்லையே" என்றார். அவர் மேல் குற்றமில்லை. ஆகவே வெள்ளைத்தாளில் எழுதுகிறேன்.

9. இதை எழுத வேண்டாம் என்றவர்களும் உண்டு. "ஊருல இருக்கிறவன் எல்லாம் ஒழுங்கா படிச்சுத்தான் வேல பாக்கிறானா? உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்காத" என்றார் என் கணவர். உடன் படித்த தோழி ஒருத்தி, "உன் நேர்மையால எங்க சோத்துல கைய வச்சுடாதடி" என்று அழுதாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனவே இம்மனு என் சான்றிதழைப் பற்றியது மட்டுமே. மற்ற ஐவரின் எண்களை நான் தரவில்லை. கேட்டாலும் தர மாட்டேன்.

10. பெண்களுக்கு இந்த வேலை வராது என்று இதைப் படித்து முடிவு கட்டிவிட வேண்டாம். விபத்துக்குப் பிறகு, "சர்டிபிகேட்ட பாத்தேன், உன் வேலையப் பாக்கல. அதுல எனக்கும் பங்கு இருக்கு" என்று முதலாளி என்னை வேலையில் வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் வண்டி எதையும் தொடாமல், கொல்லையில் கிடந்த ஓடாத கார் ஒன்றின் பிரேக்கை நாற்பது நாள் பிரித்துப் பூட்டினேன். முதல் வாரம் நகம் பெயர்ந்தது. இப்போது வாஷர் நசுங்கியதா என்று விரல் வைத்தே சொல்வேன். இந்த வேலைக்கு வேண்டியது கை. எங்களுக்கும் அது இரண்டு இருக்கிறது. கல்லூரிதான் அதற்கு வேலை கொடுக்கவில்லை.

11. ஆகவே, என் தேர்ச்சியை ரத்து செய்து, என்னை அறியாத தேர்வாளர் ஒருவர் முன்னிலையில் நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் என்னைப் பிரிக்கவைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். தோற்றால் தோற்றதாகவே எழுதுங்கள். இப்போது அதே பயிற்சிக்கூடத்தில் ஒன்பது பெண்கள் படிக்கிறார்கள். அவர்களைக் கோட்டுக்கு அப்பால் அனுப்பி, தம் கையால் செய்ததை மட்டுமே அவரவர் பெயருக்கு நேரே எழுதுமாறு ஆணையிட வேண்டுகிறேன். அவர்களின் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரமே இருக்கிறது.

இப்படிக்கு,
(ஒப்பம்)
தேர்வு எண் 27

இடம்: பணிமனை
நாள்: இம்மாதம் பதினான்கு, திங்கட்கிழமை

இணைப்பு: அசல் சான்றிதழ் ஒன்று. நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.