அந்த ஓடு கழலவில்லை

இன்று காலை ஆய்வகத்துக் கணினியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மாணவி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். செல்லின் உட்கருச் சுவரில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் கூம்பு மாதிரி ஓர் ஓடு, உடையாமல் முழுசாக நின்றது. எச்.ஐ.வி. தன் மரபணுவைப் பொதிந்து வைத்திருக்கும் ஓடு. "நீ கேட்டதுதாண்டி சரி" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். போன் போட்டுச் சொல்ல நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்சு. நீ அதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சின்ன காஞ்சிபுரத்தில் ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தாய். நான் சென்னைக்குப் போய் வைரஸ்களைப் பற்றிப் படித்தேன். உன் கணவர் இறந்த மறுவருடம், பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே சொன்னாய்: "எனக்கும் அந்தக் கிருமி இருக்குதுபா. நீ அதைப் பத்திதானே படிச்சிக்கினு இருக்கே? நல்லதாப் போச்சு. டவுட்டு வந்தா உன்னைத்தான் கேப்பேன்."

நான் குடிப்பதை நிறுத்திவிட்டேன். நீயோ, "ஐஸு கரையுது, குடி" என்றாய்.

அதன் பிறகு எத்தனை சந்தேகங்கள்! என் ஆராய்ச்சி முழுவதையும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டு வாங்கிவிட்டாய். உட்கருவின் துளைகளில் கண்டதெல்லாம் நுழைந்துவிட முடியாது. செல்லுக்கென்று சில புரதங்கள் உண்டு. வேண்டியதைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவற்றின் வேலை. வைரஸ் அந்தப் புரதங்களையே பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. அவை எவை என்று பல நாடுகளில் தேடிக்கொண்டிருந்த காலம் அது. நானும் ஒவ்வொரு புரதமாகக் குறைத்துவிட்டு, வைரஸ் திணறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை எங்க கூட்டத்துல வந்து சொல்லுபா" என்றாய். உன்னைப் போலக் கிருமியோடு வாழும் பெண்களை மாதம் ஒரு ஞாயிறு நீ கூட்டி உட்கார வைத்த மாடி அறை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நான் சொல்லி முடித்தேன். நன்றாகப் பேசிவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போது தாமலிலிருந்து வரும் கன்னியம்மா எழுந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் எவ்வளவோ சொல்லியும் மாத்திரையைத் தொடாதவள் அவள். "அப்போ என் உடம்பேதான் அதை உள்ள இட்டுக்கினு போவுதா மேடம்? அப்புறம் மாத்திரை துன்னு இன்னா ஆவப் போவுது?"

அவளிடம் மிச்சமிருந்த நம்பிக்கையையும் நான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். கழுத்தில் அளவு டேப்போடு நீ எழுந்தாய்.

"இரு, அக்கா. ஏன்பா, மாத்திரை இன்னா பண்ணுது? சுருக்கா சொல்லு."

"வைரஸ் தன்னோட மரபணுவை நகல் எடுக்கிறதைத் தடுக்குது."

"நகல் எடுக்கலேன்னா?"

"உள்ளே போயும் ஒண்ணும் செய்ய முடியாது."

நீ கன்னியம்மாவின் பக்கத்தில் போய் நின்றாய். "கேட்டியாக்கா? நம்ம உடம்பு தினம் செய்யற வேலையத்தான் செய்யுது. வந்தது ஏமாத்துது. ஏமாந்துச்சுன்னு உடம்பு மேல கோவப்படுவியா? அதுக்கு ஒரு தொணையக் குடு."

கன்னியம்மா தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தினி நாளா என் உடம்பைத்தாம்மா திட்டிக்கினு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்ததாகப் பிறகு நீ சொன்னாய்.

படி இறங்கும்போதுதான் அந்தக் கேள்வி. உட்கருவுக்குப் போகும் முன்பே வைரஸின் ஓடு கழன்றுவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். அன்று எங்கள் பாடமும் அதுதான். "ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டா, நம்ம புரதம் எதைப் புடிச்சி உள்ள இட்டுக்கினு போவும்?"

"அது அப்படித்தாண்டி."

"அப்படித்தான்னா உனக்குத் தெரியலேன்னு அர்த்தம்" என்று தோளில் இடித்தாய். நான் பேச்சை மாற்றினேன். பல வருடம் கழித்து இப்போது தெரிகிறது: ஓடு முழுசாகவே உள்ளே போகிறது, நம் புரதங்களில் சில அந்த ஓட்டைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

மறுவாரமே கன்னியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாய். அடுத்த மழைக்காலத்தில், தாமல் ஏரி மீன் குழம்பைத் தூக்குச் சட்டி நிறையக் கொண்டுவந்து கூட்டத்தில் இறக்கினாள். கன்னம் சதை போட்டிருந்தது. மீன் தலைக்கு நீயும் அவளும் போட்ட சண்டையில் அன்றைக்குக் கூட்டமே நடக்கவில்லை.

நீ உன் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாய், பேரனைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாய். போன வருடம் தூக்கத்தில் உன் இதயம் நின்றுபோனது. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னபோது, அந்த அழுகையிலும் எனக்கு ஒரு பெருமை.

இப்போது கூட்டத்தை நடத்துவது கன்னியம்மாதான். முசரவாக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் போன ஞாயிறு கை தூக்கினாள். "மாத்திரை போட்டதும் அது எங்கேயோ ஒளிஞ்சிக்குதுன்னு சொல்றீங்க. ஒளிஞ்ச எடத்துல அது தூங்குதா, முழிச்சிக்கினு இருக்குதா?"

எனக்கு முழுப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவள் கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, சென்னை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, இறங்கும்வரை சந்தோஷமாக அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.