விறகுக்குப் பின்னால் ஏழு டின் அரிசி

அண்ணே,

நேற்று சிரம்பானில் ஒரு மழைக்கோட்டு வாங்கினேன். கடைக்காரர் அதன் மடிப்பைப் பிரித்து உதறிக் காட்டியபோது ரப்பரின் கித்தா வாசனை முகத்தில் அடித்தது. "நல்ல சாமான்லா டீச்சர், இதப் போட்டுக்கிட்டு மலையே ஏறலாம்" என்றார். நான் மலை ஏறத்தான் போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிற்கும் இடத்தில் அந்தக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

நாளை மறுநாள் அம்மாவும் நானும் மலைக்குப் போகிறோம். அம்பாங்கானைத் தாண்டி, கோலா கிளாவாங் போகிற சாலையில் ஏறி, பிறகு காட்டுக்குள் பிரிகிற அதே ஒற்றையடிப் பாதை. மேலே தகரக் கூரைக்குக் கீழே ஊன்றிய அதே வேல். நான் பட்டம் வாங்கியதற்கு நேர்த்திக்கடன் என்று அம்மா தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அது பாதி உண்மை. இந்த மண்ணில் நீ கடைசியாக இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் இத்தனை வருஷமாகக் காத்திருந்தாள். யுத்தம் முடிந்த கொஞ்ச நாளில் அவசரகாலம் வந்துவிட்டது. ஒரு பிடி அரிசி கையில் இருந்தாலும், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அந்தப் பக்கம் விடமாட்டார்கள். இந்த வருஷம்தான் பாதையைத் திறந்திருக்கிறார்கள்.

எனக்கு இப்போது இருபத்தைந்து வயது. உனக்கு எப்போதும் இருபது.

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது மழைக்காலம் அது. அப்பா யுத்தத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். நீ ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய், ஆனால் வெட்டுகிற நாளைவிட வெட்டாத நாள்தான் அதிகம். லயத்துக்குப் பின்னால் எங்கே பார்த்தாலும் மரவள்ளி. காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி. அம்மாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. கிழங்கு தின்று வந்த வீக்கம் என்றும், அரிசி உள்ளே போனால் வடிந்துவிடும் என்றும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அரிசிக்கு எங்கே போவது?

ஒருநாள் மாலை கங்காணி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வராதவர் அன்றைக்குக் குனிந்து உள்ளே வந்தார்.

"தங்கச்சி, வர்ற திங்கக்கெழம லாரி வருது. சயாமுல ரயில் ரோடு போட நம்ம தோட்டத்துலேருந்து எட்டுப் பேரு. ஆபீசு கிராணி இவன் பேரையும் எழுதிட்டாரு."

கங்காணி உன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சஷ்டி வருதில்ல? வெரதம்னு சொல்லி மஞ்சத்துணியக் கட்டிக்கிட்டு மலைக்குப் போகச் சொல்லு. இந்த மழையில எவன் மலையேறித் தேடப்போறான்? ஒரு பத்து நாள் மேலயே இருக்கட்டும். எட்டுப் பேரு நெறஞ்சா லாரி போயிரும். அப்புறம் எறங்கி வரட்டும்லா."

உன் உயிர் பத்து நாள் சாப்பாட்டில் இருந்தது. ஒன்பது வயதில் எனக்கே அது புரிந்தது.

மறுநாள் அம்மா வீங்கிய காலோடு மம்பாவ் வரைக்கும் நடந்துபோய், காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கி வந்தாள். பால் டின்னில் அளந்தால் சரியாகப் பத்து டின். ஒரு நாளைக்கு ஒரு டின். நீ கிழிந்த கைலி ஒன்றை விரித்து, அதில் கித்தாப்பாலைப் பூசிப் பூசிக் காயவைத்தாய். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது என்று வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி எனக்குக் காட்டினாய். வீடு முழுவதும் நாறியது. பழைய மாவுச் சாக்கை அம்மா மஞ்சளில் நனைத்து மூட்டைத் துணி ஆக்கினாள். மஞ்சளுக்கு உள்ளேயிருந்து சாக்கின் இங்கிலீஷ் எழுத்துகள் எட்டிப் பார்த்தன. ஒரு கொட்டாங்கச்சி உப்பு, சின்னச் சட்டி, தீப்பெட்டிக்குப் பதிலாகச் சிக்கிமுக்கிக் கல், மிளகு டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த கட்டைவிரல் நகமளவு சூடம்.

"என்னம்மா இது, சாமி கும்பிடப் போறேனா, சாமியோட குடித்தனம் பண்ணப் போறேனா?"

"வாய மூடுடா. பத்து நாளைக்கு முன்ன எறங்குன, கால ஒடச்சிருவேன்."

"கால ஒடச்சிட்டா எப்பிடிம்மா ஏறுறது?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நீ என் பக்கம் திரும்பினாய். "ஊமச்சி, நீயாச்சும் அண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லு. பள்ளிக்கூடத்துல இவ பேரு கேட்டாக்கூட பக்கத்துப் புள்ளதான் சொல்லுது." நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

நம்மிடம் ஒரு முறை இருந்தது. மூட்டையைக் கட்டிச் சூடம் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு மலைமேல் வேலுக்கு முன்னால்தான் அதைப் பிரிக்க வேண்டும். நடுவில் பிரித்தால் போகிறவனுக்கு ஆகாது. அதனால் சூடம் காட்டுவதற்கு முன்பே அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் குழாயடிக்குக் குளிக்கப் போனாள். என்னைச் செம்பருத்தி பறித்து வரச் சொன்னாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நாலு பூவோடு நான் திரும்பி வந்தபோது நீ மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அரிசிப் பொட்டலத்திலிருந்து அள்ளி அள்ளி வேறொரு துணியில் போட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்தில் காய்ந்து இறுகிய கித்தாப்பால் உருண்டைகள் கிடந்தன. எடுத்த அரிசியின் கனத்துக்கு அவற்றைப் பொட்டலத்தில் திணித்தாய். நிழல் விழுந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினாய். என்னைப் பார்த்ததும் உன் தோள் தளர்ந்தது.

"அட, ஊமச்சியா. நல்லவேள."

நான் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா காலப் பாத்தியா? வெரல வச்சு அமுக்குனா குழி அப்பிடியே நிக்குது. அரிசி உள்ள போனாத்தான் வடியும்கிறாங்க. நான் மூணு டின் எடுத்துக்கிறேன். மேல கெழங்கு கெடைக்கும், ஆத்துல மீனு கெடைக்கும். முருகனுக்குத் தெரியாம சுட்டுத் திம்பேன்."

ஏழு டின் அரிசியை முடிந்து அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்குக்குப் பின்னால் தள்ளினாய். "மூணு நாள் கழிச்சு எடுத்து அம்மாகிட்ட குடு. அதுக்கு முன்னாடி சொன்னேன்னு வையி, அம்மா அரிசியத் தூக்கிக்கிட்டு என் பின்னாலேயே மலையேறி வந்துரும். என்ன?"

தலையாட்டினேன்.

அம்மா ஈரத்தோடு வந்தாள். நீ மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றாய். அவள் வெளியே எடுத்து வைத்திருந்த மிளகு டப்பாவைத் திறந்து சூடத்தைத் தட்டில் வைத்தாள். வீட்டுச் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினாள். நெருப்பு சட்டென்று பிடிக்கவில்லை. பஞ்சு ஈரமாக இருந்தது. மறுபடி மறுபடி தட்டினாள். அந்த நேரம் போதும், அண்ணே. ஒரு வார்த்தை சொல்ல அது நிறைய நேரம்.

"என்னடி முழிக்கிற?" என்று அம்மா கேட்டாள்.

"அவ எப்பவும் அப்பிடித்தான்லா" என்றாய் நீ.

அப்புறம் சூடம் எரிந்தது.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று நீ நினைத்திருப்பாய். அம்மாவின் காலுக்காக என்றுகூட நினைத்திருப்பாய். அவள் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் அவள் காலைப் பார்க்கவில்லை. விறகு அடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் அரிசி இருக்கிறது, அது இங்கேயே இருக்கப்போகிறது என்று மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. எனக்குப் பசித்தது.

மூன்றாம் நாள், "விறகுக்குப் பின்னால இது இருந்துச்சும்மா" என்று எடுத்துக் கொடுத்தேன். அம்மா முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். அவிழ்த்த மாதிரியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ பாத்தியா, அவன் எடுக்கிறத?"

"இல்லம்மா."

என் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை.

அம்மா அந்த முடிச்சைத் தூக்கிக்கொண்டு மழையில் கங்காணி வீட்டுக்கு ஓடினாள். ஓடினாள் என்று எழுதுகிறேன். அந்தக் காலோடு எப்படி ஓட முடியும்? யாரையாவது மலைக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினாள். "இப்ப ரோட்டுல எறங்குறவன் வீடு திரும்புறதில்ல தங்கச்சி. நான் யாரப் போகச் சொல்றது?" என்று அவர் கையைப் பிசைந்தார். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசி போட்டுக் கஞ்சி வைத்தாள். எனக்கு ஊற்றினாள். அவள் கிழங்கு தின்றாள். ஏழு டின் தீரும்வரைக்கும் அப்படித்தான். உன் அரிசியில் ஒரு வாய்கூட அவள் தொடவில்லை. அவள் கால் அடுத்த வருஷம்வரை அப்படியேதான் இருந்தது.

நீ ஆறாம் நாள் இறங்கி வந்தாய். மேலே கிழங்கு கிடைக்கவில்லையா, மழையில் ஆறு உன்னை அண்ட விடவில்லையா, தெரியவில்லை. அம்பாங்கான் சாலையோரம் அவித்த மரவள்ளி விற்கிற அக்கா ஒருத்திதான் உன்னைப் பார்த்திருக்கிறாள். பல மாதம் கழித்து அவளே நம் லயத்தைத் தேடி வந்து சொன்னாள். மஞ்சள் துணியோடு வந்து நின்றாயாம். கண் உள்ளே போயிருந்ததாம். "அக்கா, ஒரு துண்டு குடு, அப்புறமா வந்து வெறகு ஒடச்சித் தர்றேன்" என்றாயாம். அவள் கொடுத்தாள். நீ நின்றபடி தின்றுகொண்டிருந்தபோது ஆள் பிடிக்கிற லாரி வந்து நின்றது. "ஓடுடா தம்பின்னேன். அவனால ஓட முடியலம்மா. வாயில கெழங்கோடயே ஏத்துனாங்க." அதைச் சொல்லிவிட்டு அந்த அக்கா ரொம்ப நேரம் அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் ஒருவர் உன்னோடு ஒரே கொட்டகையில் இருந்ததாகச் சொன்னார். "எல்லாரையும் சிரிக்க வச்சுக்கிட்டே இருப்பான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வாந்திபேதி உன்னைக் கொண்டுபோன மழைக்காலத்தைப் பற்றிச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் படித்தேன். படிப்பைத் தவிர வேறெதுவும் எனக்கு வரவில்லை. சிங்கப்பூரில் பல்கலைக்கழக விடுதியில் அறைத்தோழிகள், "இவளிடம் எதைச் சொன்னாலும் வெளியே போகாது" என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உன் குரல் கேட்கும்: நல்லவேள.

இன்று மத்தியானம் அம்மா மூட்டை கட்ட உட்கார்ந்தாள். வெளியே நல்ல மழை. ஓர் இரவு தங்கப் போகிறோம், அவ்வளவுதான். அவள் பால் டின்னால் அளந்து அளந்து போட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்து. ஆறு.

"ரெண்டு பேருக்கு எதுக்கும்மா இவ்வளோ?"

"இருக்கட்டும்."

ஏழாவதை அளந்தபோது, எத்தனையோ தடவை சொன்னதையே மறுபடி சொன்னாள். "அன்னைக்கு நான் பிரிச்சுப் பாத்திருக்கணும். சூடம் காட்டுனா என்ன? சாமியா எறங்கி வந்து அடிக்கப்போகுது? சாத்திரம் பாத்துப் பாத்து எம்புள்ளயப் பட்டினியா அனுப்பிட்டேன்."

பதினாறு வருஷமாக அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள், அண்ணே. நான் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் பாத்தேம்மா" என்றேன்.

டின் பாதியில் நின்றது.

"அண்ணன் அரிசிய எடுத்தத நான் பாத்தேன். நீ சூடம் கொளுத்துறதுக்கு முன்னாடியே பாத்தேன். சொல்லல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள், இல்லை எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த அரிசியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பசிச்சுதாடி உனக்கு?"

"ஆமாம்மா."

டின்னைக் கவிழ்த்தாள். அரிசியை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிச் சமப்படுத்தினாள். "பசிச்சிருக்கும்" என்றாள். "ஒம்பது வயசு." பிறகு முடிச்சை என்னைப் போடச் சொன்னாள். போட்டேன். அவிழ்த்து இன்னும் இறுக்கமாகப் போடச் சொன்னாள். அதையும் செய்தேன். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ மலைமேல் அரைப்பட்டினியாக உட்கார்ந்திருந்த அந்த மூன்றாம் நாள் மாலை அவள் எனக்கு ஊற்றிய கஞ்சியில், உப்புகூடச் சரியாக இல்லை. அதைப்போல ருசியாக நான் அதற்குப் பிறகு எதையும் தின்றதில்லை, அண்ணே. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.