எட்டு எண்ணி இழுக்கிற பாட்டு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுதப் போன கை பாதியில் நின்றுவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம், போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று நழுவிவிடுவாய். போன மாதம் நீ அப்பாவுக்கு மவுத் ஆர்கன் அனுப்பினாயே, அன்றைக்கே எனக்கு மனதில் ஏதோ இடித்தது. முப்பது வருஷம் காருக்குப் பெயிண்ட் அடித்த மனுஷன், ரேடியோ போட்டாலே அணைக்கச் சொல்கிறவர், அவருக்கு எங்கிருந்து வந்தது திடீரென்று இசை ஞானம்? கேட்டால், வேலையை விட்டவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்கிறார். இந்த வயதில் யாரை மயக்கப் போகிறார் என்றுகூட முதலில் நினைத்தேன், சிரிக்காதே.

கீழ்வீட்டு பேண்ட் மாஸ்டரும் அதை வாசித்தவர்தான். கேட்டால் போதும், கணீர் என்று இருக்கும், குழையும், ஒரு சுரத்தை வளைத்தால் அழுகிற மாதிரியே இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அப்பா வாயிலிருந்து இதில் ஒரு வார்த்தை வரவேண்டுமே! நாலாவது ஓட்டையில் எட்டு எண்ணி இழுக்கணும், பத்து எண்ணி ஊதணும், நேற்று ஆறு, இன்றைக்கு ஏழு, இவ்வளவுதான் அவர் பேச்சு. எந்தப் பாட்டு என்று கேட்டேன், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். மாடிப்படியில் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிகிறார், தினமும் அதே படியில். அவர் சட்டையை நான்தானே தைக்கிறேன், மார்பளவு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது, என் டேப் பொய் சொல்லாது.

நேற்று எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று வாங்கி இழுத்தேன். சும்மா இழுத்ததே இருபதைத் தாண்டியது. விரல் மடித்து எண்ணிக்கொண்டே வந்தவர், உனக்கு நல்ல மூச்சுடி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ இங்கே வந்திருந்தபோது பேங்க் வேலை என்று இரண்டு பேரும் நாள் முழுக்கப் போனீர்களே, அது பேங்க் இல்லை, நெஞ்சு டாக்டர், இந்த ஊதலும் அவர் சொன்ன மூச்சுப் பயிற்சி. சரிதானே? எனக்குத் தெரிந்தால் உடைந்துபோவேன் என்று அப்பாவும் பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டீர்கள். பயமாகத்தான் இருக்கிறது, இன்றைக்கு ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். ஆனால் இன்னதென்று தெரியாமல் பயப்பட என்னால் முடியவில்லை.

அவரிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் ஊதுகிறார், ஊதட்டும். நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு, பொய் சொல்லிப் பழகாதே, உனக்கு அது வரவில்லை. பதிலில் பாட்டைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். டாக்டர் எத்தனை வருஷம் என்று சொன்னார், அதை மட்டும் எழுது.

உன் அம்மா